நபித்தோழர்களைப் பற்றி சுன்னிகளும் ஷியாக்களும் என்ன நினைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுன்னி, ஷியா என்று பேச்செடுத்தாலே ஒரு பக்கம் "அவங்க சஹாபாக்களை (நபித்தோழர்களை) திட்டுறவங்க" என்றும், மறுபக்கம் "இவங்க நபியின் குடும்பத்தைக் கைவிட்டவங்க" என்றும் தொடங்கி, பேச்சு அத்தோடு முடிந்தும் விடுகிறது. நபிக்குப் பின் கலீஃபாவாக (ஆட்சித் தலைவராக) தோழர் அபூபக்ர் வந்தது சரி என்பவர்கள் சுன்னிகள், அந்த உரிமை நபியின் பெரிய தந்தை மகனும் மருமகனுமான அலிக்கே என்பவர்கள் ஷியாக்கள். உண்மையில் முதல் தலைமுறை முஸ்லிம்களைப் பற்றி இரு தரப்பு நூல்களிலும் இருக்கும் சம்பவங்களில் பெரும்பகுதி ஒன்றேதான். அந்தச் சம்பவங்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதில்தான் இரு பாதைகளும் பிரிகின்றன.

பெயர்களுக்குப் பின்னால் (ஸல்), (ரலி), (அலை) என்ற மரியாதைக் குறிகளைப் போடவில்லை. யாருக்கு எதைப் போடுவது என்பதிலேயே இரு தரப்பு வழக்கமும் வேறு, அதனால் அவரவர் வழக்கப்படி மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் எந்தப் பக்கம்?

சுன்னி குடும்பத்தில் பிறந்தவன், இன்றும் சுன்னிதான். அதை மறைத்துவிட்டு நடுநிலை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஷியாக்களின் கருத்தை எழுதும் இடத்தில் ஒரு ஷியா ஆலிம் படித்தால் "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தக் கவனத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

இரு தரப்புக்கும் குர்ஆன் ஒன்றா?

ஒன்றேதான். ஒரே இறைவன், ஒரே நபி, ஒரே கிப்லா (தொழும் திசை), ஒரே ஹஜ். ஷியாக்களிடம் வேறு குர்ஆன் இருக்கிறது என்று சிலர் பரப்புவது தவறு. ஈரானிலோ இராக்கிலோ அச்சாகும் குர்ஆனை எடுத்துப் பாருங்கள், 114 அத்தியாயங்களும் அப்படியே இருக்கும்.

நபித்தோழர் (சஹாபி) என்றால் யார்?

சுன்னி அறிஞர்களிடம் பரவலாக நிலைத்த வரையறை ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் சொன்னது: நபியை நம்பிக்கையாளராகச் சந்தித்து, இஸ்லாத்திலேயே இறந்தவர் சஹாபி. எத்தனை நாள் கூட இருந்தார், போரில் கலந்துகொண்டாரா என்பதெல்லாம் நிபந்தனை இல்லை. தோழர்களின் வரலாற்றுக்காகவே அவர் எழுதிய அல்-இஸாபா என்ற நூலில் 12,000க்கும் மேற்பட்ட பெயர்கள் வருகின்றன. அபூபக்ரும் அதில் உண்டு, சிறுவயதில் ஒரே ஒரு முறை நபியைப் பார்த்தவரும் அதில் உண்டு.

ஷியாக்களும் "சஹாபி" என்ற வார்த்தையைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் நபியோடு இருந்தார் என்ற செய்தியைத் தாண்டி அந்தப் பட்டம் தானாக எந்த உத்தரவாதமும் தராது என்பது அவர்கள் நிலை. இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாகப் புரியும்.

முதல் முஸ்லிம் யார்?

கதீஜா. இதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அடுத்து யார் என்பதில்தான் பேச்சு. அலி அப்போது சிறுவர், நபியின் வீட்டிலேயே வளர்ந்தவர், ஆண்களில் முதலில் ஏற்றவர் அவர்தான் என்று ஷியாக்கள் உறுதியாகச் சொல்கிறார்கள், சுன்னி நூல்களிலும் அப்படிச் சொல்லும் அறிவிப்புகள் நிறைய. அபூபக்ர்தான் முதல் என்ற அறிவிப்புகளும் இருப்பதால் சுன்னி அறிஞர்கள் இதைப் பிரித்துச் சொல்வார்கள்: பெண்களில் கதீஜா, சிறுவர்களில் அலி, வளர்ந்த ஆண்களில் அபூபக்ர், விடுதலை பெற்ற அடிமைகளில் ஸைத் இப்னு ஹாரிஸா. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு ஷியாவுக்கு இந்தப் பிரிப்பே அலியின் முதலிடத்தை மங்கச் செய்வதாகத் தோன்றும்.

நபியின் பெரிய தந்தை அபூதாலிப் முஸ்லிமா?

நபி அனாதையாக நின்றபோது வளர்த்தவர், மக்கா முழுக்க எதிர்த்தபோது அரணாக நின்றவர், அலியின் தந்தை. 619 வாக்கில் இறந்தார். கடைசி நேரத்தில் நபி கலிமா சொல்லக் கேட்டும் "அப்துல் முத்தலிபின் மார்க்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லி இறந்தார் என்பது புகாரியில் (சுன்னிகள் பெரிதும் மதிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழித் தொகுப்பு) உள்ள அறிவிப்பு, பெரும்பான்மை சுன்னிகள் நம்புவதும் அதையே. அவர் நம்பிக்கையாளர்தான், நபியைப் பாதுகாப்பதற்காகத் தன் நம்பிக்கையை வெளிக்காட்டாமல் இருந்தார் என்பது ஷியாக்களின் ஒருமித்த நிலை. அவருடைய கவிதைகளையும், உயிரைக் கொடுத்துக் காத்த அந்த வாழ்க்கையையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். இதைப் பேசும்போது சுன்னிகள் கொஞ்சம் மென்மையாகப் பேசலாம். முடிவு எதுவானாலும் நபி மிக அதிகம் துக்கப்பட்ட மரணங்களில் அதுவும் ஒன்று.

சுன்னிகள் எல்லாத் தோழர்களையும் நம்பத்தகுந்தவர்கள் என்கிறார்களே, அவர்கள் தவறே செய்யாதவர்களா?

இல்லை. "தோழர்கள் அனைவரும் நேர்மையானவர்கள்" என்ற சுன்னி கோட்பாட்டைப் பாவமே செய்யாதவர்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், சுன்னிகளிலேயே நிறையப் பேர். சுன்னி மார்க்கக் கொள்கையில் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் நபிமார்கள் மட்டும்தான். தோழர்களில் மது அருந்தித் தண்டனை பெற்றவர் உண்டு, விபச்சாரத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர் உண்டு, இதெல்லாம் சுன்னி ஹதீஸ் நூல்களிலேயே இருக்கிறது. அந்தக் கோட்பாடு சொல்ல வருவது, நபியின் பெயரில் அவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்லமாட்டார்கள் என்பதை. ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் மற்ற ஒவ்வொருவரையும் இவர் யார், நினைவாற்றல் எப்படி, உண்மையாளரா என்று கறாராக ஆராயும் சுன்னி அறிஞர்கள், தோழர் என்ற படி வந்தவுடன் நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

இதற்கு அடிப்படை குர்ஆன். முஹாஜிர்களிலும் (மக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள்) அன்சார்களிலும் (அவர்களை ஆதரித்த மதீனாவாசிகள்) முந்தியவர்களை அல்லாஹ் பொருந்திக்கொண்டான் என்கிறது 9:100. மக்காவுக்கு அருகே ஹுதைபியாவில் 628இல் மரத்தடியில் உறுதிமொழி கொடுத்த சுமார் 1,400 பேரையும் பொருந்திக்கொண்டதாக 48:18 சொல்கிறது. "என் தோழர்களைத் திட்டாதீர்கள், உங்களில் ஒருவர் உஹுது மலை அளவு தங்கத்தைத் தர்மம் செய்தாலும் அவர்கள் கொடுத்த ஒரு கையளவுக்கு ஈடாகாது" என்ற பொருளில் வரும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது மனதளவில் மிக முக்கியம்: குர்ஆனும் தொழுகையும் நம் கைக்கு வந்தது இவர்கள் வழியாகத்தான். வீடு, வியாபாரம், சொந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மக்காவிலிருந்து கிளம்பியவர்களைப் பற்றிச் சாதாரணமாகப் பேச வாய் வராது.

அப்படியானால் ஷியாக்கள் எல்லாத் தோழர்களையும் நிராகரிக்கிறார்களா?

இதுவும் பொய். ஸல்மான் ஃபாரிஸி, அபூதர் கிஃபாரி, மிக்தாத், அம்மார் இப்னு யாஸிர் ஆகிய நால்வரும் ஷியாக்களிடம் மிக உயர்ந்த இடத்தில் இருப்பவர்கள். நபியின் சிறிய தந்தை ஹம்ஸா, ஜஅஃபர் இப்னு அபீதாலிப், பிலால், ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் என்று பட்டியல் நீளும். இஸ்லாத்தின் முதல் தியாகியான சுமைய்யாவை, அதாவது அம்மாரின் தாயை, இரு தரப்பும் ஒரே கண்ணீரோடுதான் நினைக்கிறார்கள்.

ஷியாக்களின் வாதம் இப்படிப் போகும்: தோழர்களைப் புகழும் அதே குர்ஆன், மதீனாவாசிகளில் நயவஞ்சகத்தில் ஊறியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நீர் அறியமாட்டீர் என்று நபியிடமே சொல்கிறது (9:101). ஜும்ஆவில் நபி நின்றுகொண்டிருக்க, வியாபாரக் கூட்டத்தைப் பார்த்து ஓடியவர்களைக் கண்டிக்கிறது (62:11). மரத்தடியில் கொடுத்த உறுதிமொழியை யார் முறிக்கிறாரோ அது அவருக்கே கேடு என்று நிபந்தனையும் வைக்கிறது (48:10). ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் செயலை வைத்து, குறிப்பாக நபிக்குப் பின் அவர் குடும்பத்தாரிடம் நடந்துகொண்டதை வைத்து எடைபோட வேண்டும் என்கிறார்கள். மறுமையில் ஹவ்ழ் தடாகத்தில் தன் தோழர்களில் சிலர் விரட்டப்படுவார்கள், "உமக்குப் பின் இவர்கள் என்ன செய்தார்கள் என்று நீர் அறியமாட்டீர்" என்று தனக்குச் சொல்லப்படும் என நபி சொன்ன ஹதீஸ் சுன்னிகளின் புகாரியிலேயே இருக்கிறது, அதையும் காட்டுவார்கள்.

சுன்னிகளின் பதில்: அந்த ஹதீஸ் நபி இறந்ததும் மதம் மாறிய கூட்டத்தாரையும் நயவஞ்சகர்களையும் குறிக்கிறது, பத்ர் போரிலும் ஹுதைபியாவிலும் நின்றவர்களை அல்ல. நயவஞ்சகர் வேறு, தோழர் வேறு, வரையறையிலேயே அவர் வரமாட்டார்.

கதீர் கும் சம்பவம் உண்மையா?

உண்மை. நபி தன் கடைசி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில், ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 18 அன்று, மக்காவுக்கும் மதீனாவுக்கும் நடுவே கும் என்ற நீர்நிலை அருகே மக்களை நிறுத்தி, அலியின் கையைப் பிடித்து, "நான் யாருக்கு மவ்லாவோ அலியும் அவருக்கு மவ்லா" என்றார். திர்மிதி, முஸ்னத் அஹ்மத் போன்ற சுன்னி நூல்களிலும் இது வருகிறது.

பிரச்சினை, அந்த "மவ்லா"வுக்குத் தலைவர் என்று பொருள் கொள்வதா, நேசத்துக்குரியவர் என்று கொள்வதா என்பதில். சுட்டெரிக்கும் வெயிலில் அத்தனை பேரை நிறுத்தி வைத்து வெறுமனே "அலியை நேசியுங்கள்" என்று சொல்லவா நபி கூப்பிட்டார் என்பது ஷியாக்களின் கேள்வி. யமன் பயணத்தில் அலியோடு போனவர்கள் சிலர் அவர்மேல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை அடக்கத்தான் நபி பேசினார், ஆட்சியை ஒப்படைப்பதாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராத சொல்லில் சொல்லியிருப்பார் என்பது சுன்னிகளின் பதில். ஷியாக்கள் இந்த நாளை ஈதுல் கதீர் என்று பெருநாளாகவே கொண்டாடுகிறார்கள்.

நபி இறந்த அன்று சகீஃபாவில் என்ன நடந்தது?

632இல் நபி இறந்தார். உடல் இன்னும் அடக்கம் ஆகவில்லை. அலியும் நெருங்கிய உறவினர்களும் குளிப்பாட்டும் வேலையில் இருந்தார்கள். பனூ ஸாஇதா கூட்டத்தாரின் சகீஃபா என்ற பந்தலில் மதீனாவின் அன்சார்கள் கூடி, ஸஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்டு அபூபக்ர், உமர், அபூஉபைதா மூவரும் விரைந்தார்கள். வாக்குவாதம் முற்றி, "எங்களில் ஒரு தலைவர், உங்களில் ஒரு தலைவர்" என்ற யோசனை வரை போய், கடைசியில் உமர் அபூபக்ரின் கையைப் பிடித்து பைஅத் (தலைமையை ஏற்கும் உறுதிமொழி) செய்தார், மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

சுன்னி பார்வையில் இது சமுதாயத்தைப் பிளவிலிருந்து காப்பாற்றிய முடிவு. நபி நோயுற்றிருந்தபோது தொழுகை நடத்த அபூபக்ரை நியமித்ததும், ஹிஜ்ரத்தில் குகையில் நபியோடு இருந்த இருவரில் ஒருவர் என்று குர்ஆன் (9:40) அவரைக் குறிப்பிட்டதும் அவருடைய தகுதிக்குச் சான்று என்பார்கள். ஷியா பார்வையில், நபி ஏற்கெனவே அறிவித்துவிட்ட ஒருவர் இருக்க, அவரும் நபியின் ஹாஷிம் குடும்பமும் இல்லாத ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு அது. அந்த பைஅத் திடீரென்று நடந்துவிட்டது, ஆனால் அதன் தீங்கை அல்லாஹ் தடுத்துவிட்டான் என்று உமரே பின்னாளில் மேடையில் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஷியாக்கள் அதன் முதல் பாதியைக் காட்டுவார்கள், சுன்னிகள் பின்பாதியை. முழுவதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஃபதக் தோட்டம், ஃபாத்திமாவின் கோபம்: இதெல்லாம் ஷியாக்கள் கட்டிய கதையா?

கதை இல்லை. இந்தப் பக்கத்திலேயே எழுத எனக்கு மிகவும் கனமாக இருந்த கேள்வி இது.

ஃபதக் கைபருக்கு அருகில் இருந்த நிலம். நபி இறந்தபின் அவர் மகளும் அலியின் மனைவியுமான ஃபாத்திமா தன் உரிமையைக் கேட்டு அபூபக்ரிடம் சென்றார். "நபிமார்களாகிய எங்களுக்கு வாரிசு இல்லை, நாங்கள் விட்டுச்செல்வது தர்மம்" என்று நபி சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி அபூபக்ர் மறுத்தார். ஃபாத்திமா மனம் வருந்தி, இறக்கும் வரை அவரோடு பேசவில்லை, ஆறு மாதத்தில் இறந்தார், அலி அவரை இரவிலேயே அடக்கம் செய்தார், அபூபக்ருக்குச் சொல்லி அனுப்பவில்லை. இவ்வளவும் புகாரியில் ஆயிஷாவின் அறிவிப்பாக இருக்கிறது. ஆயிஷா நபியின் மனைவி, அபூபக்ரின் மகள் என்பதையும் கவனியுங்கள். தன் தந்தைக்குச் சாதகமாக எதையும் மூடி மறைக்காமல் அவர் சொல்லியிருக்கிறார்.

ஷியாக்கள் கேட்பது: சுலைமான் தாவூதுக்கு வாரிசானார் என்று குர்ஆனே சொல்கிறதே (27:16)? ஃபதக் நபி உயிரோடு இருந்தபோதே ஃபாத்திமாவுக்குக் கொடுத்த அன்பளிப்பு அல்லவா? "ஃபாத்திமா என்னில் ஒரு பகுதி, அவரைக் கோபப்படுத்தியவர் என்னைக் கோபப்படுத்தியவர்" என்ற ஹதீஸும் உங்கள் நூலில்தானே இருக்கிறது? சுன்னிகள் சொல்வது: சுலைமான் வாரிசானது அறிவுக்கும் நபித்துவத்துக்கும், சொத்துக்கு அல்ல. அபூபக்ர் தனக்காக அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை, நபி எப்படிச் செலவிட்டாரோ அப்படியே செய்தார், தன் மகள் ஆயிஷாவுக்கும் பங்கு தரவில்லை. கடைசியில் ஃபாத்திமாவைச் சந்தித்து மனம் சமாதானமானதாக ஓர் அறிவிப்பும் சுன்னி நூல்களில் உண்டு.

இதைத் தாண்டி, பைஅத் கேட்டு உமரும் ஆட்களும் ஃபாத்திமாவின் வீட்டுக்கு வந்தார்கள், கதவை உடைத்தபோது அவர் காயமடைந்தார், வயிற்றுக் குழந்தை முஹ்ஸின் இறந்தது என்று ஷியா மரபு சொல்கிறது. வீட்டு வாசலில் மிரட்டல் நடந்தது என்பது வரை தபரி போன்ற பழைய வரலாற்று நூல்களில் உண்டு. காயப்படுத்தியது, குழந்தை இறந்தது என்பதை சுன்னி அறிஞர்கள் முழுவதும் மறுக்கிறார்கள். ஷியாக்களின் துக்கத்தில் கர்பலாவுக்கு (அலியின் மகன் ஹுசைன் கொல்லப்பட்ட இடம்) அடுத்து ஆழமான காயம் இது, ஃபாத்திமாவின் கப்ரு எங்கே என்பதே உறுதியில்லாமல் போனது அந்தத் துக்கத்தின் ஒரு பகுதி.

உரிமை அலிக்குத்தான் என்றால் அவர் ஏன் போராடவில்லை?

சுன்னிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அலி பயந்தவர் இல்லை. ஃபாத்திமா இறந்தபின் அபூபக்ருக்கு பைஅத் செய்தார், அடுத்த கலீஃபாவான உமருக்கு ஆலோசகராக இருந்தார், "அலி இல்லாவிட்டால் உமர் அழிந்திருப்பார்" என்று உமர் சொன்னதாக வருவதை இரு தரப்பும் மேற்கோள் காட்டுகிறார்கள். தன் பிள்ளைகளுக்கு அபூபக்ர், உமர், உஸ்மான் என்று பெயர் வைத்திருந்தார். இத்தனைக்கும் பிறகு பகை இருந்தது என்று எப்படிச் சொல்வது?

ஷியாக்களின் விடை: நபி இறந்த உடனே கோத்திரங்கள் மதம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில் வாளெடுத்தால் இஸ்லாமே அழிந்துவிடும், அதனால் பொறுத்துக்கொண்டார். அலியின் உரைகளும் கடிதங்களும் அடங்கிய நஹ்ஜுல் பலாகா தொகுப்பின் மூன்றாவது உரையில், கண்ணில் தூசியும் தொண்டையில் முள்ளும் இருப்பதுபோல் பொறுமையாக இருந்ததாக அவரே சொல்கிறார். பெயர்கள் அந்தக் காலத்தில் பொதுவாக எல்லாரும் வைத்த பெயர்கள்தான். இதற்கு சுன்னிகள் அதே தொகுப்பிலுள்ள ஆறாவது கடிதத்தை எடுத்து, "அபூபக்ர், உமர், உஸ்மானுக்கு பைஅத் செய்தவர்களே எனக்கும் செய்திருக்கிறார்கள்" என்று தன்னை எதிர்த்த சிரியா ஆளுநர் முஆவியாவுக்கு அலி எழுதியதைக் காட்டுவார்கள். எதிராளி ஒப்புக்கொண்ட விதியை வைத்தே அவரை மடக்கும் வாதம் அது என்பார்கள் ஷியாக்கள். இந்த வாதம் முடியாது, ஆயிரம் ஆண்டுகளாக முடியவில்லை.

ஆயிஷாவைப் பற்றி ஷியாக்கள் என்ன நினைக்கிறார்கள்?

மூன்றாவது கலீஃபா உஸ்மான் 656இல் தன் வீட்டிலேயே கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார். அலி கலீஃபாவானார். கொலையாளிகளைத் தண்டிக்க வேண்டும் என்று ஆயிஷாவும் தோழர்களான தல்ஹா, ஸுபைர் ஆகியோரும் கிளம்பி, பஸ்ராவுக்கு அருகே அலியின் படையோடு மோதல் வந்தது, ஜமல் போர். தல்ஹாவும் ஸுபைரும் இறந்தார்கள். அலி ஆயிஷாவை மரியாதையோடு, அவருடைய சகோதரர் முஹம்மது இப்னு அபீபக்ர் துணையோடு மதீனாவுக்கு அனுப்பிவைத்தார்.

முறையான இமாமுக்கு (ஷியாக்களிடம் நபிக்குப் பின் வழிநடத்தும் தலைவர்) எதிராகப் போருக்குப் புறப்பட்டது பெரும் குற்றம் என்று ஷியாக்கள் கடுமையாக விமர்சிக்கிறார்கள். சுன்னிகள், சீர்திருத்தம் நாடிப் போனார், முடிவு தவறாகிவிட்டது, பின்னால் நினைத்து நினைத்து அழுதார் என்கிறார்கள். ஆனால் அவர் கற்பைப் பற்றிய அவதூறை ஷியாக்கள் நம்புகிறார்கள் என்று சொல்வது அநியாயம். நபிமார்களின் மனைவியர் அந்தக் களங்கத்திலிருந்து தூய்மையானவர்கள் என்பது பெரும் ஷியா அறிஞர்களின் கூற்று. 2010இல் குவைத்தைச் சேர்ந்த ஒருவர் ஆயிஷாவை இழிவாகப் பேசியபோது, சுன்னி சகோதரர்களின் புனிதச் சின்னங்களை, குறிப்பாக நபியின் மனைவியை அவமதிப்பது ஹராம் என்று ஈரானின் ஆயத்துல்லா காமெனயி ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார்.

முஆவியா விஷயத்தில் சுன்னிகள் ஒரே கருத்தா?

இல்லை, இங்கேதான் சுன்னிகளிடம் சத்தமில்லாத வேறுபாடு இருக்கிறது. அலிக்கும் முஆவியாவுக்கும் இடையே நடந்த 657 ஸிஃப்ஃபீன் போரில் அலியின் பக்கம் நின்று அம்மார் கொல்லப்பட்டார். "அம்மாரை வரம்பு மீறிய கூட்டம் கொல்லும்" என்று நபி முன்பே சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்க, அலியின் பக்கமே நியாயம் என்பதில் சுன்னி அறிஞர்களுக்குச் சந்தேகம் இல்லை. முஆவியா ஆய்வு செய்து தவறிய தோழர், அவரைத் திட்டக் கூடாது என்பது பெரும்பான்மை நிலை. 661இல் அலியின் மகன் ஹசன் அவரோடு சமாதானம் செய்து ஆட்சியை விட்டுக்கொடுத்ததையும் ஆதாரமாகச் சொல்வார்கள்.

ஆனால் ஆறு பெரும் ஹதீஸ் தொகுப்புகளில் ஒன்றைத் தந்த இமாம் நஸாயீ, அலியின் சிறப்புகளைப் பற்றித் தனி நூல் எழுதியவர், டமாஸ்கஸில் முஆவியாவைப் புகழ மறுத்ததற்காகத் தாக்கப்பட்டு 915இல் இறந்தார். அவர் சுன்னி இமாம். இதைச் சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முஆவியாவின் குலமான உமைய்யாக்களின் ஆட்சியில் மிம்பர்களில் (பள்ளிவாசல் மேடைகளில்) அலியைத் திட்டும் வழக்கம் இருந்தது, அதை நிறுத்தியவர் 717இல் ஆட்சிக்கு வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ், அவரும் உமைய்யாதான். தோழர்களின் சண்டைகளைப் பற்றிக் கேட்டபோது, "அந்த இரத்தத்திலிருந்து அல்லாஹ் என் கையைக் காப்பாற்றினான், என் நாவை ஏன் அதில் நனைக்க வேண்டும்" என்ற பொருளில் அவர் சொன்னதாக வரும் வாக்கியம் சுன்னிகளின் அமைதிக்கு அடித்தளம். அமைதி சரி, ஆனால் அதை வரலாறே தெரியாமல் இருப்பதற்குச் சாக்காக்கக் கூடாது என்பது என் கருத்து.

கர்பலாவில் சுன்னிகள் யஸீத் பக்கமா?

ஒருபோதும் இல்லை. ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10, அதாவது 680 அக்டோபரில் ஹுசைனும் அவர் குடும்பத்தாரும் தோழர்களும், மரபுப்படி 72 பேர், முஆவியாவின் மகனும் அப்போதைய ஆட்சியாளனுமான யஸீதின் படையால் தாகத்தோடு கொல்லப்பட்டார்கள். ஹுசைன் தியாகி, நபி மகளின் மகன், சுவர்க்கத்து இளைஞர்களின் தலைவர், இதில் இரு தரப்பும் ஒன்று. யஸீதைச் சபிக்கலாமா என்பதில்தான் சுன்னி அறிஞர்கள் பிரிந்தார்கள்: சபிக்கலாம் என்று இப்னுல் ஜவ்ஸி தனி நூலே எழுதினார், கஸ்ஸாலி வேண்டாம் என்றார். யஸீத் தோழரும் இல்லை. 683இல் அவன் படை மதீனாவையே சூறையாடியதையும் சுன்னி வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை.

மனதைப் பிசையும் ஒரு விவரம் சொல்கிறேன். ஹுசைனுக்கு எதிராகப் படை நடத்திய உமர் இப்னு ஸஅத், சுவர்க்கம் என நற்செய்தி சொல்லப்பட்ட பத்துத் தோழர்களில் ஒருவரான ஸஅத் இப்னு அபீவக்காஸின் மகன். ஹுசைனோடு அங்கே உயிர் விட்டவர்களில் அலியின் மகன்கள் அபூபக்ரும் உஸ்மானும் இருந்தார்கள்.

ஷியாயிசத்தை இப்னு சபா என்ற யூதர்தான் உருவாக்கினாரா?

இந்தக் கதையின் விரிவான வடிவம் ஸைஃப் இப்னு உமர் என்ற அறிவிப்பாளரிடமிருந்து வருகிறது, அவரை சுன்னி ஹதீஸ் ஆய்வாளர்களே பலவீனமானவர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் இருந்திருக்கலாம், ஷியா நூல்களிலும் அவர் பெயர் சபிக்கப்பட்டவராக வருகிறது. ஆனால் ஸல்மானும் அபூதர்ரும் அம்மாரும் அலியின் பக்கம் நின்றதற்கு வெளியாள் ஒருவர் தேவையில்லை.

எல்லா ஷியாக்களும் முதல் இரண்டு கலீஃபாக்களை மறுக்கிறார்களா?

உலக ஷியாக்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு இமாம்களை ஏற்பவர்கள், அவர்கள் மறுக்கிறார்கள். யமனில் உள்ள ஸைதிகள் என்ற ஷியா பிரிவின் கதை வேறு. ஹுசைனின் பேரர் ஸைத் 740இல் கூஃபாவில் புரட்சி செய்தபோது, அபூபக்ரையும் உமரையும் கைவிடச் சொல்லி ஆதரவாளர்கள் சிலர் கேட்க, அவர் மறுத்தார், அவர்கள் விலகினார்கள் என்பது மரபு. அலியே சிறந்தவர், ஆனால் அந்த இருவரின் ஆட்சியும் செல்லும் என்று சொல்லும் போக்கு ஸைதிகளில் இருந்தது, கடுமையான போக்கும் இருந்தது.

ஆறாவது இமாம் ஜஅஃபர் ஸாதிக்கை (இறப்பு 765) எடுத்துக்கொள்ளுங்கள். ஷியா சட்டவியல் அவர் பெயரிலேயே ஜஅஃபரி என்று வழங்குகிறது. சுன்னிகளின் இமாம் மாலிக் அவரிடம் கல்வி கேட்டவர். அவருடைய தாய் உம்மு ஃபர்வா, தந்தை வழியிலும் தாய் வழியிலும் அபூபக்ரின் வம்சம்.

தோழர்களைப் பகிரங்கமாகச் சபிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பழைய காலத்திலேயே அங்கங்கே இருந்தது, ஆனால் அரசு ஆதரவோடு தெருவுக்கு வந்தது 1501இல் ஈரானில் ஸஃபவி ஆட்சி தொடங்கியபின். ஒருபுறம் உஸ்மானியப் பேரரசு, மறுபுறம் ஸஃபவி, இருவருக்கும் நடுவே எல்லைச் சண்டை. முதல் மூன்று கலீஃபாக்களைச் சபிப்பதை நிறுத்த வேண்டும் என்பது 1555 அமாஸ்யா உடன்படிக்கையில் ஒரு விஷயமாகவே இருந்தது என்றால் அரசியல் எவ்வளவு கலந்திருந்தது என்று பாருங்கள். மறுபக்கம், ஷியாக்களைக் காஃபிர்கள் என்று அறிவித்து அவர்கள் பள்ளிவாசல்களில் குண்டு வைத்த கொடுமை நம் காலத்தில் பாகிஸ்தானிலும் இராக்கிலும் நடந்தது. தோழர்கள் மீதான அன்பு என்று சொல்லி அதைச் செய்தவர்களை நான் தோழர்களோடு சேர்த்து நினைக்கவே மாட்டேன்.

ஒட்ட வைக்கும் முயற்சிகளும் உண்டு. 1959இல் எகிப்தின் அல்-அஸ்ஹர் கல்வி நிறுவனத்தின் தலைவர் மஹ்மூத் ஷல்தூத், ஜஅஃபரி சட்டப்படி வணங்குவது செல்லும் என்று ஃபத்வா கொடுத்தார். 2005இல் ஜோர்டானின் அம்மானில் கூடிய அறிஞர்கள், நான்கு சுன்னி மத்ஹபுகளோடு (சட்ட வழிகளோடு) ஜஅஃபரி, ஸைதி, இபாதி, ளாஹிரி வழிகளைப் பின்பற்றுவோரும் முஸ்லிம்களே, யாரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்று அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் ஷியாக்கள் இருக்கிறார்களா?

குறைவாக இருக்கிறார்கள். சென்னையில் ஆயிரம் விளக்கு பள்ளிவாசல் ஷியாக்களுடையது, அண்ணா சாலையில் போகிற பலருக்கு இது தெரியாது. போரா சமூகத்தவர் சென்னையிலும் கொழும்பிலும் வியாபாரம் செய்கிறார்கள், அவர்கள் ஷியாக்களில் இஸ்மாயீலி பிரிவு.

முஹர்ரம் மாதத்தில் ஷியா நண்பருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். முஹர்ரம் முதல் நாள் ஹிஜ்ரி ஆண்டின் தொடக்கம் என்றாலும் அவர்களுக்கு அன்றிலிருந்து துக்க நாட்கள், கறுப்பு உடை, மஜ்லிஸ் (துக்கக் கூட்டம்), மர்ஸியா (இரங்கற்பா) என்று போகும். சுன்னிகள் பத்தாம் நாளில் நோன்பு வைப்பது மூஸா நபி ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக, அது கர்பலாவுக்கு முன்பே வந்த வழக்கம், ஹுசைனின் மரணத்துக்கு மகிழ்ந்து வைக்கும் நோன்பு இல்லை. உங்கள் நண்பர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். மஜ்லிஸுக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள், சொல்லப்படுவது நம் நபியின் பேரனின் கதைதான்.